நெட் ஸ்லோன்னா ரவுட்டரில் ‘டைம்அவுட்’டை மாத்தணுமா? கண்டாச்சிபுரம் ரேஷன் கடை முதல் யுபிஐ வரை... ஒரு விளக்கம்

“சர்வர் ஸ்லோம்மா... கொஞ்சம் உக்காருங்க.”

ரேஷன் கடை, இ-சேவை மையம், வங்கி, தாலுகா அலுவலகம் என எந்த கவுன்டருக்குப் போனாலும் ஒரு தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. விழுப்புரம் மாவட்டத்தின் கண்டாச்சிபுரம் போன்ற தாலுகா தலைமையிடங்களில் அதன் விலை கொஞ்சம் கூடுதல். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, வருமானச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ வருபவருக்கு ‘கொஞ்சம் உக்காருங்க’ என்பது பல நேரம் ‘நாளைக்கு வாங்க’ என்றே முடிகிறது.

கடைக்காரர்கள், மையம் நடத்துபவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி இளைஞர்கள் எல்லோரும் இதற்கு ஒரு வைத்தியம் தேடுகிறார்கள். தேடினால் முதலில் சிக்குவது, “ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போய் டிசிபி ரீடிரான்ஸ்மிஷன் டைம்அவுட்டைக் குறைச்சிடுங்க, நெட் பறக்கும்” வகை அறிவுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏதோ ஒரு எண்ணைக் குறைத்தால் காத்திருப்பு குறையும் என்பது யாருக்கும் பிடித்த கணக்கு.

நேரடியாகச் சொன்னால், பறக்காது. சில சமயம் இருப்பதும் படுத்துவிடும். ஏன் என்று பார்த்தால், ‘சர்வர் ஸ்லோ’ என்ற வார்த்தைக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

முதலில், டைம்அவுட் என்றால் என்ன?

இணையத்தில் நீங்கள் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. சிறு சிறு பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டுத்தான் போகும். வழியில் சில தொலையும். அது பிழை அல்ல, இணையம் கட்டப்பட்ட விதமே அப்படித்தான். தொலைந்ததைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் பொறுப்பு டிசிபி என்ற விதிமுறையிடம் இருக்கிறது. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் முன்வைத்த யோசனை, 1981-ல் தரப்படுத்தப்பட்டது. இன்றுவரை இணையத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் ஓடுகிறது.

பதிவுத் தபாலோடு வரும் ஒப்புகை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் சேர்ந்தால் கையெழுத்தோடு அட்டை திரும்பி வரும். வராவிட்டால் கடிதம் தொலைந்ததா, அட்டை தொலைந்ததா, இல்லை தபால்காரர் இன்னும் சைக்கிளை எடுக்கவே இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். எத்தனை நாள் பார்ப்பது என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, கெடு தாண்டினால் இன்னொரு பிரதி அனுப்ப வேண்டும். அந்தக் கெடுதான் ரீடிரான்ஸ்மிஷன் டைம்அவுட், சுருக்கமாக ஆர்டிஓ. (வண்டி லைசென்ஸ் கொடுக்கும் ஆர்டிஓவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காத்திருக்க வைப்பதில் மட்டும் ஒற்றுமை உண்டு.)

கெடுவைச் சின்னதாக வைத்தால், வந்துகொண்டிருக்கும் ஒப்புகைக்காகப் பொறுக்காமல் தேவையில்லாத பிரதிகளை அனுப்பிக்கொண்டே இருப்போம். பெரிதாக வைத்தால், நிஜமாகவே தொலைந்த கடிதத்துக்காக வெட்டியாக உட்கார்ந்திருப்போம்.

இதில் ரவுட்டருக்கு என்ன வேலை?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். கெடு வைப்பது கடிதம் எழுதியவர். நடுவில் இருக்கும் தபால் நிலையம் அல்ல. ஒரு முனையில் உங்கள் போன், மறுமுனையில் சர்வர். டிசிபியின் கணக்கு வழக்கு எல்லாம் இந்த இரண்டு முனைகளுக்குள்தான். நடுவில் இருக்கும் ரவுட்டர் பாக்கெட்டை வாங்கி அடுத்த கைக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். தொலைந்ததை அது திரும்ப அனுப்பாது. தொலைந்தது என்பதே பெரும்பாலும் அதற்குத் தெரியாது. செயற்கைக்கோள் இணைப்பு போன்ற சில இடங்களில் நடுவிலுள்ள ஒரு பெட்டியே முனையாக நடிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கும் பெட்டி அந்த ரகமல்ல.

அப்படியானால் சில ரவுட்டர்களில் ‘டிசிபி டைம்அவுட்’, ‘மேக்ஸ் ரீடிரான்ஸ் டைம்அவுட்’ என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றனவே? அவை வேறு சங்கதி. வீட்டில் பத்து சாதனங்கள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான். எந்தப் பதில் எந்த சாதனத்துக்கு என்று ரவுட்டர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும். ஒரு இணைப்பில் சத்தமே இல்லையென்றால் எவ்வளவு நேரம் கழித்து அந்த வரியை அடிப்பது என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. பேச்சுவார்த்தை இல்லாமல் சும்மா இருக்கும் இணைப்பைக்கூட 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் அடிக்கக் கூடாது என்கிறது 2008-ல் வந்த இணையத் தர ஆவணம். ஒப்புகை கிடைக்காமல் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும் இணைப்புக்கு லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்கள் வழக்கமாக 5 நிமிடம் தருகின்றன.

இதைப் போய் 10 விநாடியாகக் குறைத்தால் என்ன ஆகும்? சிக்னல் தடுமாறும் நேரத்தில் போன் பொறுமையாக மறுபடி முயன்றுகொண்டிருக்கும். ரவுட்டரோ நோட்டுப் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டிருக்கும். மீண்டிருக்கக்கூடிய இணைப்பு செத்துப்போகும். ஸ்லோ என்று கைவைத்தவர் ‘கனெக்‌ஷன் லாஸ்ட்’ வாங்கிக்கொண்டு வருவார்.

சரி, எதைத்தான் பார்ப்பது?

தொந்தரவு எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும். லேப்டாப்பிலோ போன் ஆப்பிலோ ‘பிங்’ வசதி இருக்கும். முதலில் ரவுட்டரையே (பெரும்பாலும் 192.168.1.1) ஒரு நிமிடம் பிங் செய்யுங்கள். பதில் சில மில்லி விநாடிகளில் சீராக வர வேண்டும். 3, 4, 180, 5, 400 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, வைஃபையில் இருக்கிறது. ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுப்பது எந்த செட்டிங்கையும் விட நல்ல பலன் தரும். ரவுட்டர் வரை சீராக இருந்து, அதற்கு அப்பால் (உதாரணமாக 8.8.8.8) மட்டும் குதித்தால் தப்பு லைனில். ஃபைபர் என்றால் மோடம் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அளவு இருக்கும். அது மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் ஒளி மங்கி வருகிறது. எங்கோ வளைவு, எங்கோ மோசமான இணைப்பு. லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ரவுட்டருக்குள் கைவைத்துப் பயன் தரும் இடங்கள் இரண்டு உண்டு. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 1500 பைட்டிலிருந்து 1492 ஆகக் குறையும். ரவுட்டர் இதைச் சரியாகத் தெரிவிக்காவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ‘எம்எஸ்எஸ் கிளாம்பிங்’ என்ற வசதியை ஆன் செய்தால் தீரும். இன்னொன்று வரிசைப் பிரச்சினை. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை அப்லோடு செய்தால் மற்ற எல்லோருக்கும் நெட் முடங்குகிறதா? மலிவான ரவுட்டர்கள் தங்களிடம் வரும் பாக்கெட்டுகளை நீளமான வரிசையில் நிறுத்திவைக்கும். எதுவும் தொலையாது, ஆனால் எல்லாமே தாமதமாகும். ஸ்மார்ட் கியூ, எஸ்கியூஎம் என்ற பெயரில் வசதி இருந்தால், லைனின் நிஜ வேகத்தில் சுமார் 90 சதவீதத்துக்கு எல்லை வைத்து ஆன் செய்யுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். காத்திருப்பு நிறையவே குறையும்.

டைம்அவுட் கட்டத்தைத் தொடவே வேண்டாம். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டது.

அக்டோபர் 1986: 400 கெஜத்துக்குள் நின்றுபோன இணையம்

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் 400 கெஜம்தான் தூரம். 1986 அக்டோபரில் இந்த இரண்டுக்கும் இடையே தகவல் போகும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. 800-ல் ஒரு பங்கு! காகிதத்தில் எழுதி ஆள் மூலம் கொடுத்து அனுப்பியிருந்தால் சீக்கிரம் போயிருக்கும்.

கேபிள் அறுந்துவிடவில்லை. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. நெரிசல் காரணமாக ஒப்புகை தாமதமாகியிருக்கிறது. கெடு தாண்டிவிட்டது என்று ஒவ்வொரு கணினியும் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பியிருக்கிறது. அதனால் நெரிசல் கூடி, ஒப்புகை இன்னும் தாமதமாகி, இன்னும் பிரதிகள் குவிந்திருக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே கதவில் முண்டியடிக்கும்போது யாருமே ஏற முடியாமல் போவது போலத்தான். இப்படி ஒரு சரிவு வரலாம் என்று ஜான் நாகல் 1984-லேயே எழுதி எச்சரித்திருந்தார்.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதைப் பிரித்து மேய்ந்து, 1988-ல் தீர்வை வெளியிட்டார். அவர் பிடித்த குறைகளில் ஒன்று, இன்று நம் ஊர் நெட்டைப் பற்றிப் பேசும்போதும் பொருந்தும்.

பழைய முறை சராசரியை மட்டும் பார்த்தது. ஒப்புகை வர சராசரியாக எவ்வளவு நேரமாகிறதோ, அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கெடு வைத்தது. நெட்வொர்க்கில் சுமை சுமார் 30 சதவீதத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கு தாங்காது என்று ஜேக்கப்சன் காட்டினார்.

விழுப்புரம் பஸ்ஸுக்காக இரண்டு நிறுத்தங்களில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 18 முதல் 22 நிமிடத்துக்கு ஒரு பஸ். இன்னொன்றில் ஒரு நாள் 5 நிமிடம், ஒரு நாள் 50 நிமிடம். இரண்டுக்கும் சராசரி 20 என்றே வரலாம். முதல் நிறுத்தத்தில் 25 நிமிடம் ஆகிவிட்டால் ‘இனி வராது, ஷேர் ஆட்டோ பிடிக்கலாம்’ என்று முடிவெடுக்கலாம். இரண்டாவதில் 25 நிமிடத்தில் கிளம்பினால், ஆட்டோவில் போகும்போதே பஸ் உங்களை முந்திக்கொண்டு போகும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சராசரி சொல்லாது, ஏற்ற இறக்கம்தான் சொல்லும்.

ஜேக்கப்சன் கணக்கு அதைத்தான் சேர்த்தது. சராசரி நேரத்தோடு, ஏற்ற இறக்கத்தை நான்கால் பெருக்கிக் கூட்டினால் வருவது கெடு. சராசரி 60 மில்லி விநாடி, ஏற்ற இறக்கம் 5 என்றால் கெடு 80. அதே சராசரிக்கு ஏற்ற இறக்கம் 100 என்றால் கெடு 460. உங்கள் போனும் இந்தக் கணக்கை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக, ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண்ணை ரவுட்டரில் திணிக்க நினைப்பது அடிப்படையிலேயே தப்பு. பக்கத்துச் சென்னை சர்வருக்கு ஒரு கெடு, அமெரிக்க சர்வருக்கு ஒரு கெடு, மழை நாளில் ஒரு கெடு என்று அது தானே கற்றுக்கொள்கிறது.

கெடு தாண்டினால் அடுத்த கெடு இரட்டிப்பாகும் என்பதும் விதி. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸில் குறைந்தபட்சக் கெடு 0.2 விநாடி. தொடர்ந்து தொலைந்தால் 0.4, 0.8, 1.6, 3.2 என்று நீளும். ஐந்து முறை தவறினாலே 6.2 விநாடி போய்விட்டது. ஸ்க்ரீனில் சக்கரம் மட்டும் சுற்றும். கவுன்டரில் ‘சர்வர் ஸ்லோ’ என்று சொல்லப்படும் அந்த நேரத்தில் சர்வர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

யூடியூப் ஓடுது, ஜிபே ஓடலையே?

கிராமத்துப் பக்கம் போன எல்லோருக்கும் இந்த எரிச்சல் பழக்கம். வீடியோ ஓரளவு ஓடும். 40 ரூபாய் டீக்கடை பில் மட்டும் போகாது.

வீடியோ ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் கொண்ட நீண்ட ஓட்டம். நடுவில் ஒன்று தொலைந்தால் அதற்குப் பின்னால் வருபவை போய்ச் சேர்ந்து, ‘நடுவில ஒண்ணு காணோம்’ என்று மறுமுனையிலிருந்து தகவல் வந்துவிடும். அப்படி மூன்று முறை தகவல் வந்தால் கெடுவுக்குக் காத்திராமல் உடனே திரும்ப அனுப்பலாம். முன்கூட்டியே சேமித்த வீடியோ ஓடிக்கொண்டிருப்பதால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பணம் அனுப்புவது, விரல் ரேகை சரிபார்ப்பது எல்லாம் சில பாக்கெட்டுகளில் முடிந்துவிடும் காரியம். கடைசி பாக்கெட் தொலைந்தால் பின்னால் வர எதுவும் இல்லை. தொலைந்ததைச் சொல்ல ஆளில்லை. முழுக் கெடுவும் ஓடித்தான் ஆக வேண்டும்.

கூகுள், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. பாக்கெட் தொலைந்த பரிமாற்றங்கள், தொலையாதவற்றைவிடச் சராசரியாக 5 மடங்கு நேரம் எடுத்தன. கடைசி பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு சோதனைப் பாக்கெட்டை அனுப்பிப் பார்க்கும் உத்தி அங்கிருந்து வளர்ந்து, 2021-ல் இணையத் தரமாகவே ஆனது. அதுவும் முனைகளில் செய்யப்பட்ட திருத்தம்தான், நடுவில் அல்ல.

ஆக, ஒரு ஊரில் நெட் நன்றாக இருக்கிறதா என்று வீடியோ ஓட்டிப் பார்த்தோ, ஸ்பீடு டெஸ்டில் வரும் பெரிய எண்ணை வைத்தோ சொல்ல முடியாது. எளிய மக்களுக்கு அதிகம் தேவைப்படும் சின்னச் சின்னப் பரிமாற்றங்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன.

ஏப்ரல் 12, 2025: யுபிஐ படுத்த சனிக்கிழமை

1986 பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி, அதே விபத்து இந்தியாவில் வேறு வேடத்தில் வந்தது. 2025 மார்ச் மாதத்தில் மட்டும் சுமார் 1,830 கோடி பரிவர்த்தனைகளைக் கையாண்ட யுபிஐ, ஏப்ரல் 12 அன்று பல மணி நேரம் தடுமாறியது. என்பிசிஐ ஆராய்ந்து கண்டுபிடித்த காரணம், ‘பணம் போச்சா, போகலையா?’ என்று நிலை கேட்கும் கோரிக்கைகளின் வெள்ளம். சில வங்கிகளின் கணினிகள், பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட, பதில் வருவதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. பணம் அனுப்பும் வேலையை, பணம் போனதா என்று கேட்கும் வேலை மூழ்கடித்துவிட்டது.

தீர்வும் பழைய தீர்வுதான். முதல் நிலை விசாரணைக்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 3 முறைதான் கேட்கலாம் என்று வங்கிகளுக்கு அந்த மாத இறுதியிலேயே சுற்றறிக்கை போனது. ஆகஸ்ட் 1 முதல், பெண்டிங்கில் நிற்கும் பரிவர்த்தனையை நாம் ஆப்பில் பார்ப்பதற்கும் 3 முறை, 90 விநாடி இடைவெளி என்ற கட்டுப்பாடு வந்தது. ‘எதுக்கெடுத்தாலும் ரூல்ஸ்’ என்று அப்போது பலர் அலுத்துக்கொண்டார்கள். அலுப்பு நியாயம்தான். ஆனால் அந்த 90 விநாடிதான் யுபிஐக்கு வைக்கப்பட்ட ஆர்டிஓ.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். டிசிபி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுகிறது. இரண்டு பிரதிகள் வந்தாலும் மறுமுனை ஒன்றைத் தூக்கிப்போட்டுவிடும். ஆப்பில் ‘பே’ பட்டனை நீங்கள் மறுபடி அழுத்தினால் அது பழையதின் பிரதி அல்ல. புதிய எண்ணுள்ள புதிய பரிவர்த்தனை. இரண்டு முறை பணம் போகும். பெண்டிங் என்று வந்தால் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

பத்து விநாடியில் கைவிடும் ஆப்கள்

இனிதான் கண்டாச்சிபுரம் விஷயத்தில் யார் மாற வேண்டும் என்ற கேள்வி வருகிறது.

ஒரு புதிய இணைப்பைத் தொடங்கும்போது போன் முதல் தட்டு தட்டும். பதில் இல்லையென்றால் வழக்கமான அமைப்பில் 1-வது, 3-வது, 7-வது, 15-வது விநாடிகளில் மறுபடி தட்டும். ஆனால் ஆண்ட்ராய்டு ஆப்களை எழுதுபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஓகேஎச்டிடிபி என்ற நிரல் தொகுப்பு, யாரும் மாற்றாவிட்டால் 10 விநாடியில் கைவிட்டுவிடும். அதாவது நான்கு தட்டுகள்தான். ஐந்தாவது தட்டுக்கு முன்பே ‘நெட்வொர்க் எரர்’. உடனே பயனாளர் மறுபடி அழுத்துவார். எல்லாம் முதலிலிருந்து.

சென்னையிலும் பெங்களூருவிலும் ஏசி அறையில், ஃபைபர் வைஃபையில் சோதிக்கும்போது இந்த 10 விநாடி தாராளமாகத் தெரியும். குன்றுக்குப் பின்னால் ஒரு கோடு சிக்னலில் இருக்கும் ரேஷன் கடைக்கு அது போதாது. தமிழ்நாட்டின் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகளில், 2020 அக்டோபரில் தொடங்கி விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. கடையில் இருக்கும் கருவி மாநில சர்வரோடு பேச வேண்டும். ரேகை ஆதார் ஆணையத்தின் தரவு மையத்தை எட்ட வேண்டும். அவை இருப்பது பெங்களூருவிலும், ஹரியானாவின் மானேசரிலும். கண்டாச்சிபுரத்திலிருந்து மானேசர் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும் என்பதால் போய் வர 20 மில்லி விநாடிதான் குறைந்தபட்சம். தூரம் பெரிய விஷயமே இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கடைக்கும் டவருக்கும் இடையே இருக்கும் அந்தச் சில கிலோமீட்டர்தான் விநாடிகளைத் தின்கிறது.

ரேகை பதியவில்லை என்று பாட்டியின் விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கச் சொல்கிறார்களே, எல்லா நேரமும் தவறு விரலில் இல்லை.

பேரிடர் நேரத்தில் இது இன்னும் மோசமாகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. இப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் போனால், பேட்டரி தீரும்வரைதான் டவர் தாங்கும். திரும்ப உயிர் வந்ததும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். மறுமுயற்சி இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் முன்பின் கலந்து எழுதப்பட்ட ஆப் அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும். ‘3 விநாடிக்கு ஒரு முறை முயற்சி செய்’ என்று எழுதப்பட்ட ஆப் முண்டியடிக்கும். உறவினர் பத்திரமா என்று கேட்கும் ஒரு மெசேஜ் போகுமா, போகாதா என்பது இந்த வித்தியாசத்திலும் இருக்கிறது.

அரசு ஆப், அரசு இணையதளம் எழுத டெண்டர் விடும்போதே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். மோசமான சிக்னலில், பாக்கெட் தொலையும் சூழலில் சோதித்த அறிக்கை வேண்டும். மறுமுயற்சி இரட்டிப்பு இடைவெளியில் நடக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே எண். இரண்டு முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் பதிவாக வேண்டும், நிரப்பிய படிவம் அழியக் கூடாது. இதற்கெல்லாம் புதிய டவரோ கேபிளோ வேண்டாம். 1988-லிருந்து தெரிந்த பாடம்.

அளப்பவர்களும் சராசரியைத்தான் பார்க்கிறார்கள்

12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் இலக்கு. பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகக் கேபிள் போகிறது. நல்ல விஷயம். ஆனால் கேபிள் வந்துவிட்டது என்பதும், அது காற்றடித்த மறுநாளும் சீராக வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. எத்தனை ஊராட்சிகள் இணைந்தன என்று கணக்கு சொல்வதோடு, இணைந்த இடங்களில் எத்தனை மணி நேரம் லைன் உயிரோடு இருந்தது என்பதையும் ஊராட்சி வாரியாகச் சொல்ல வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளில் தாமதம், பாக்கெட் இழப்பு, ஏற்ற இறக்கம் மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வேகத்தை மட்டும் பேசிய காலத்திலிருந்து இது முன்னேற்றம்தான். சிக்கல், அளவு எந்தப் பரப்புக்குச் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது. டெலிகாம் கணக்கில் சென்னை உட்பட தமிழ்நாடு முழுக்க ஒரே சேவைப் பகுதி. அண்ணா சாலையின் நல்ல எண்ணும் கண்டாச்சிபுரத்தின் மோசமான எண்ணும் ஒரே சராசரிக்குள் போனால் என்ன தெரியப்போகிறது? 1988-ல் ஜேக்கப்சன் டிசிபியிலிருந்து நீக்கிய அதே பிழை, ஒழுங்குமுறை அறிக்கைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தாலுகா வாரியாக, அதுவும் சராசரியாக இல்லாமல், மோசமான நேரத்தில் எவ்வளவு மோசம் என்ற எண்ணை வெளியிட நிறுவனங்களைக் கேட்க டிராயால் முடியும். உணவுத் துறையால் இன்னும் சுலபமாகவே முடியும். ஒவ்வொரு ரேஷன் கடைக் கருவியும் எந்தப் பரிமாற்றம் எத்தனை விநாடியில் முடிந்தது, எது எத்தனையாவது முயற்சியில் முடிந்தது என்பதைப் பதிந்துவைக்கக் கூடியதுதான். மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலைக் கடை வாரியாக இணையத்தில் போட்டால், ‘சர்வர் ஸ்லோ’ என்பது எந்தக் கடைக்குச் சர்வர் பிரச்சினை, எந்தக் கடைக்கு டவர் பிரச்சினை, எந்தக் கடைக்கு ஒரு 300 ரூபாய் ஆன்டெனா பிரச்சினை என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.